ஆன்ட்டி ஹீரோ: எதிர்நாயகனா, முரண்நாயகனா?

பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரமான ஸ்பைடரை ஹீரோ என்பதா, வில்லன் என்பதா? சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கூர்க்காதும் கருப்பு உடுப்புமாக வரும் அந்த ஆளுக்குக் கதைத் தொடக்கத்தில் ஒரே ஆசைதான்: குற்றவாளிகளுக்கெல்லாம் தான் சக்கரவர்த்தி ஆக வேண்டும். பெட்டகம் உடைப்பதில் கைதேர்ந்த ஒருவனையும் ஒரு விஞ்ஞானியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கொள்ளைக்குக் கிளம்புகிறான். கதையின் நாயகன் அவனேதான்! இப்படிப்பட்டவனுக்கு ஆங்கிலம் தரும் பெயர் ஆன்ட்டி ஹீரோ.

ஹீரோ கிரேக்கச் சொல். தெய்வத்துக்கு அடுத்த நிலையில் வைத்து வணங்கப்பட்ட மாவீரனைக் குறித்தது. ஆன்ட்டி என்ற முன்னொட்டும் கிரேக்கமே. ‘எதிராக’ என்றும் ‘பதிலாக’ என்றும் பொருள்படும். இரண்டும் சேர்ந்த சொல் 1714-லேயே ஆங்கிலத்தில் காணப்படுகிறது. 1864-இல் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி தன் ‘நிலவறைக் குறிப்புகள்’ நாவலின் முடிவில், நாயகனுக்கு நேர்மாறான குணங்களையெல்லாம் வேண்டுமென்றே இங்கே திரட்டி வைத்திருப்பதாகக் கதைசொல்லியையே சொல்ல வைத்தார்.

தமிழில் பரவலாக வழங்குவது எதிர்நாயகன். இதில்தான் எனக்குச் சிக்கல். எதிராளி, எதிரணி, எதிர்க்கட்சி என்று பழகிய நம் காதில், எதிர்நாயகன் என்றால் நாயகனை எதிர்ப்பவன் என்றே விழும். வில்லனுக்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். வடமொழி நாடக இலக்கணத்தில் பிரதிநாயகன் என்பதும் நாயகனின் பகைவனே, இராமனுக்கு இராவணன்போல. ஆன்ட்டி ஹீரோ எதிர்ப்பது நாயகனை அல்ல, நாயகன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தை.

அந்த இலக்கணம் நம்மிடமும் உண்டு. பெருங்காப்பியம் ‘தன்னிகர் இல்லாத் தலைவனை’ உடையதாக இருக்க வேண்டும் என்கிறது அணியிலக்கண நூலான தண்டியலங்காரம். மனைவியைப் பிரிந்து, மாதவியிடம் பொருளையெல்லாம் தொலைத்து, கடைசியில் சிலம்பு விற்கப் போன கோவலனை அந்த அளவுகோலுக்குள் எப்படி நிறுத்துவது?

காமிக்ஸுக்கு வருவோம். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியும் இந்த வகைதான். 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் அறிமுகமானபோது அவன் நல்லவனே அல்ல. விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்த ஆற்றலை முதலில் குற்றத்துக்குத்தான் பயன்படுத்தினான். நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியானதெல்லாம் பிறகு. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில், அந்தரத்தில் தனியாக நகரும் அந்தக் கையைப் பார்க்கும்போது நமக்கு எழும் முதல் உணர்ச்சி பயம்தான். அதே கை நம்மைக் காப்பாற்ற வருகிறது என்பதில்தான் மாயாவியின் கவர்ச்சியே இருக்கிறது.

ஸ்பைடரின் திருப்பம் இன்னும் அழகு. அவன் திருந்தவில்லை. சாதாரணத் திருட்டு அலுத்துப்போகிறது; குற்றவாளிகளை வெல்வதுதான் தன் தகுதிக்கேற்ற சவால் என்று தோன்றிவிடுகிறது. ஊரைக் காப்பாற்றுவது கருணையால் அல்ல, கர்வத்தால். 1965-இல் பிரிட்டனின் லயன் இதழில் தொடங்கிய இந்தத் தொடரைப் பின்னர் எழுதியவர் ஜெர்ரி சீகல். அப்பழுக்கில்லாத சூப்பர்மேனை 1938-இல் உலகுக்குத் தந்த இருவரில் ஒருவர்! இலக்கணம் வகுத்த கையே அதை மீறியும் எழுதியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மாற்றுநாயகன் என்றால் ஒருவருக்குப் பதில் நடிப்பவர் போல இருக்கிறது. பிறழ்நாயகன் என்பதில் மனநோயின் சாயல் விழுகிறது. நான் முரண்நாயகன் என்பேன். முரண்தொடையில் எதிரெதிர்ச் சொற்கள் ஒரே பாட்டில் சேர்ந்து நிற்பதுபோல, நல்லதும் கெட்டதும் ஒரே ஆளுக்குள் நிற்கின்றன. பழந்தமிழில் முரண் என்பதற்கு வலிமை என்றும் பொருள் உண்டு, அதுவும் பொருந்துகிறது. புணர்ச்சி விதியைப் பிடித்துக்கொண்டால் முரணாயகன் என்றாகும், படிப்பவருக்குப் புரியாது. அதனால் புணர்த்தாமல் முரண்நாயகன் என்றே எழுதலாம். தனித்தமிழ் வேண்டுவோருக்கு முரண்தலைவன். பெண் பாத்திரமானால் முரண்நாயகி, முரண்தலைவி.