விலைக்கும் மடிக்கும் இடையே மூன்று வருடம்

பால் விலை கூடிய வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். "டொக்டர், விலை ஏறிவிட்டது. பால் ஏறுவதற்கு ஊசி ஏதாவது இருக்கிறதா?" தீவன விலை ஏறும்போது மட்டும் தொலைபேசி அடிக்காது. உண்மையில் அப்போதுதான் அடிக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு. இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய் வரை போன நேரம். முந்தைய வருட இரசாயன உரத் தடையால் உள்ளூர்ச் சோளமும் குறைந்திருந்தது. மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தின் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) பின்புறத் தொழுவத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகும் அக்காவின் மாடு அது. கன்று ஈன்று மூன்று வாரம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தீவன மூடை காலியாகி, மடித்து, கன்றுக்கு விரிப்பாகக் கிடந்தது. "பால் காசு முழுவதும் தீவனத்துக்கே போகிறது, டொக்டர். பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டாமா?" என்றார். மாட்டுக்கு நாளுக்கு நான்கு கிலோ தீவனம் கொடுத்த இடத்தில் ஒரு கிலோதான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பால் விலையைக் கூட்டினார்கள். அக்காவும் மூடை வாங்கினார். முந்தைய ஈற்றில் நாளுக்குப் பன்னிரண்டு லீற்றர் கறந்த மாடு ஏழு லீற்றரைத் தாண்டவே இல்லை.

காரணம் எளிது. ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பசு தன் உச்சக் கறவையைத் தொடுகிறது. அங்கிருந்து மெல்ல இறங்கும். உச்சத்தில் ஒரு லீற்றர் குறைந்தால், அந்த ஈற்று முழுவதிலும் ஏறக்குறைய இருநூறு லீற்றர் போய்விடும். பிந்திக் கொட்டும் தீவனம் பெரும்பாலும் உடம்பில்தான் ஏறும்.

ஆகவே செலவைக் குறைத்தே தீர வேண்டுமென்றால், எந்த மாட்டில் குறைப்பது என்று பாருங்கள். ஈன்று ஏழெட்டு மாதமாகி, பாலும் சுருங்கி, சதை பிடித்து நிற்கும் மாட்டில் ஒரு கிலோவைக் குறைக்கலாம். புதிதாக ஈன்ற மாட்டில் கை வைக்காதீர்கள். நல்ல கறவைப் பசு உச்சத்துக்கு ஏறும் நாட்களில் ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் இரண்டு லீற்றர் திருப்பித் தரும். தீவனக் கிலோவும் பால் லீற்றரும் ஒரே விலைக்கு வந்துவிட்டாலும் அங்கே நட்டமில்லை. பால் விலையைத் தனியாகப் பார்த்துச் சந்தோஷப்படுவதிலும் துக்கப்படுவதிலும் பொருளில்லை. ஒரு லீற்றர் காசுக்கு எத்தனை கிலோ தீவனம் வருகிறது என்பதே கணக்கு.

விலை ஏறியதும் சேகரிப்பு நிலையத்தில் பால் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. எங்கிருந்து வருகிறது? வீட்டுத் தேநீர்க் கோப்பையிலிருந்தும் கன்றின் வாயிலிருந்தும். நிலையத்துக் கணக்கில் கூடுகிறது, மடியில் கூடவில்லை. (தண்ணீரிலிருந்தும் வருவதுண்டு. கொழுப்பையும் மற்றத் திண்மங்களையும் அளந்துதான் காசு தருகிறார்கள் என்பதால் அது வீண் உழைப்பு.) பாலுக்கு வாடிய கிடாரிக் கன்று பருவத்துக்கு வரப் பிந்தும். நன்றாக வளர்ந்த கிடாரிக்குப் பதினைந்து, பதினெட்டு மாதத்தில் சினை ஊசி போடலாம். அதன்பின் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். நம் லயத்துத் தொழுவங்களில் முதல் ஈற்று பல நேரம் மூன்று வயதை நெருங்கியே வருகிறது. இன்றைய விலையைப் பார்த்து வளர்க்கும் கன்றின் பால் அதற்குப் பிறகுதான் வாளியில் விழும்.

விற்பதற்கோ ஒரு பின்னேரம் போதும். தீவனம் கட்டுபடியாகாத நாட்களில் சினைக் கிடாரிகளே லொறி ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். விலை திரும்பி வந்தபோது மாட்டு விலையும் சேர்ந்து ஏறியிருந்தது. விற்ற காசுக்குக் கன்றுதான் கிடைத்தது. ஒன்றை விற்றே ஆக வேண்டுமென்றால், மூன்று நான்கு முறை ஊசி போட்டும் சினை பிடிக்காததை முதலில் கொடுங்கள்.

பொதுவாக இந்த மலைகளில் பாலை ஏற்றி இறக்குவது விலையைவிட மழைதான். ஜனவரி முதல் மார்ச் வரை, பனியில் புல் கருகும் நாட்களில், எந்த விலை சொன்னாலும் ஓடையோரத்தில் புல்லுக்கட்டுத் தேறாது. தொழுவத்து எரு விழும் இடத்தில் நான்கு வரிசை கோ-3 புல் நட்டுவைப்பது அந்த நாட்களுக்குத்தான்.

அக்கா அந்தக் கன்றை விற்கவில்லை. சென்ற முறை விலை கூடியபோது என்னை அழைத்தார். ஊசி கேட்பார் என்று நினைத்தேன். கிடாரியின் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, சினை ஊசிக்கு எடை போதுமா என்று பார்க்கச் சொன்னார். போதுமாக இருந்தது. ஊசி போட்ட தேதியையும் ஈன வேண்டிய தேதியையும் தொழுவக் கதவில் சுண்ணாம்பால் எழுதிவைத்தார். அதற்குக் கீழே, "இரண்டு மூடை" என்றும்.