மருந்துப்போலி: 'பிளாசிபோ'வைத் தமிழில் எப்படி எழுதுவது?

உளவியல் படிக்கும் மாணவர்கள் சிலரிடம், தாங்கள் வாசித்த மருத்துவ ஆய்வு ஒன்றைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். வந்த தாள்களை வீட்டு மேசையில் வைத்திருந்தபோது, மருந்துக்கடை நடத்தும் என் மாமா ஒன்றை எடுத்துப் புரட்டினார். "நோயாளிகளில் ஒரு குழுவினருக்கு மூன்று வாரம் போலி மருந்து வழங்கப்பட்டது" என்றிருந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரப்பா குடுத்தது? ஆளைப் புடிச்சுட்டாங்களா?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. போலி மருந்து என்பது நம் ஊரில் ஒரு குற்றத்தின் பெயர். பிரபலமான ஒரு மாத்திரையின் அட்டையைப் போலவே அச்சடித்து, உள்ளே எதையோ அடைத்து விற்பது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி அதற்குச் சிறை உண்டு. நாளிதழ்களில் 'போலி மருந்து தயாரித்தவர் கைது' என்றுதான் வரும். மாணவர் சொல்ல வந்தது பிளாசிபோ. அது பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது; ஆய்வுக்காக, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, நோயாளியின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு தருவது. ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் அடைத்தால் மாமா மாதிரி ஆட்கள் போலீஸைத் தேடத்தான் செய்வார்கள்.

மற்ற தாள்களில் 'வெற்று மாத்திரை', 'ஆறுதல் மருந்து', 'சர்க்கரை மாத்திரை' என்று ஆளுக்கொரு சொல். பிளாசிபோ, பிளசீபோ, ப்ளேசிபோ என்று மூன்று எழுத்துக்கூட்டல்கள் வேறு. எது சரி என்று பார்க்க, அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது என்பதைக் கொஞ்சம் தொடர்ந்து போக வேண்டும்.

பிளாசிபோ என்பது லத்தீன். பெயர்ச்சொல்லாகப் பிறந்ததல்ல, தன்மை ஒருமை எதிர்கால வினைமுற்று. 'மகிழ்விப்பேன்', 'உவப்பாக நடப்பேன்' என்று பொருள். பள்ளிக்கூடத்தில் பகுபதம் பிரித்தவர்களுக்கு இது பிடிக்கும்: மகிழ்வி + ப்ப் + ஏன் என்று நாம் பிரிப்பது போலவே அவர்கள் பிளாக்கே + ப் + ஓ என்று பிரிப்பார்கள். நடுவில் காலம், கடைசியில் 'நான்'. இரு மொழிக்கும் உறவில்லை, தற்செயல்தான். ஒரு வினைமுற்று பெயராக உறைந்துபோவதும் புதிதல்ல. நாம் தினமும் சொல்லும் 'வீடியோ'கூட லத்தீனில் 'காண்கிறேன்'தான்.

மகிழ்விப்பேன் என்று சொன்னது யார், யாரை? விவிலியத்தின் சங்கீதத்தில் இருக்கிறது விடை. லத்தீன் விவிலியத்தில் அந்த வரி, வாழ்வோரின் நாட்டில் ஆண்டவரை மகிழ்விப்பேன் என்று வருகிறது. வேடிக்கை என்னவென்றால் எபிரேய மூலத்தில் மகிழ்விப்பது கிடையாது. அங்கே இருப்பது 'நடப்பேன்' என்ற வினை. தமிழ் விவிலியத்தைத் திறந்து 116ஆம் சங்கீதம் 9ஆம் வசனத்தைப் பாருங்கள்: "நான் கர்த்தருக்கு முன்பாக ஜீவனுள்ளோர் தேசத்திலே நடப்பேன்." எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போனபோது 'நடப்பேன்' என்பது 'உவப்பாக இருப்பேன்' ஆகிவிட்டது, கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்தபோது அதுவே பிளாசிபோ ஆனது. தமிழில் 'பெரியவங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரி நடந்துக்கோ' என்று சொல்கிற நமக்கு, நடப்பது எப்படி உவப்பது ஆகும் என்று விளங்குவதில் சிரமமில்லை. மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு நழுவலில் பிறந்த சொல்லுக்கு நாம் இன்றைக்குச் சரியான மொழிபெயர்ப்பு தேடிக்கொண்டிருக்கிறோம்!

இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கத் திருச்சபையில் பாடிய மாலை வழிபாடு இந்த வரியில்தான் தொடங்கும். ஆகவே அந்த வழிபாட்டுக்கே பிளாசிபோ என்று பெயர் நின்றது. இடைக்கால ஐரோப்பாவில் இழவு வீட்டுச் சாப்பாட்டுக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு, உறவே இல்லாதவர்கள் வந்து நின்று இதைப் பாடியதாகச் சொல்வார்கள். நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை. 'கூலிக்கு மாரடிப்பது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் 'பிளாசிபோ பாடுவது' என்றால் முகத்துதி செய்வது என்றாயிற்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் தன் கதையொன்றில் வரும் ஆமாம்சாமிக்குப் பிளாசிபோ என்றே பெயர் வைத்தார்.

மருத்துவத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில். எடின்பரோவில் மருத்துவம் கற்பித்த வில்லியம் கல்லன், 1772இல் தன் விரிவுரைகளில், குணமாகும் நம்பிக்கை இல்லாத ஒரு நோயாளிக்குக் கடுகுத்தூள் கொடுத்ததைப் பிளாசிபோ என்று குறிப்பிடுகிறார். கடுகுத்தூள் வெற்றுப் பொருள் அல்ல, உறைக்கும். நோயாளிக்கு ஏதாவது செய்தோம் என்றிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. 1811இல் வந்த ஒரு மருத்துவ அகராதி, நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரைத் திருப்திப்படுத்தவே கொடுக்கும் மருந்து என்று இதற்குப் பொருள் எழுதியது. 'ஆறுதல் மருந்து' என்று எழுதிய மாணவி, தெரிந்தோ தெரியாமலோ, இந்த 1811ஆம் ஆண்டுப் பொருளுக்கு மிக அருகில் போய்விட்டார்.

ஆனால் அந்தப் பொருள் இன்று போதாது. ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கருவியாகப் பிளாசிபோ மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் நல்ல முன்னோடி இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்தது. அமெரிக்கரான எலிஷா பெர்கின்ஸ் இரண்டு உலோகக் குச்சிகளுக்கு 1796இல் காப்புரிமை வாங்கி, வலிக்கும் இடத்தில் தடவினால் நோய் இழுபட்டு வெளியேறும் என்று விற்றார். ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் 1799இல் மரத்தால் அதே மாதிரி குச்சிகள் செய்து, உலோகம்போல் வண்ணம் பூசி ஐந்து பேருக்குத் தடவினார். நான்கு பேர் தேவலை என்றார்கள். மறுநாள் உலோகக் குச்சியைத் தடவினார், பலன் ஏறத்தாழ அதே. ஹேகார்த்துக்கு இங்கே யாரையும் ஆறுதல்படுத்தும் நோக்கம் இல்லை. உலோகத்துக்கு ஏதாவது சக்தி உண்டா என்று தெரிந்துகொள்ளவே மரத்தைத் தடவினார்.

'வெற்று மாத்திரை'யும் இங்கே இடறுகிறது. பிளாசிபோ மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. உப்புநீர் ஊசியாக இருக்கலாம், குச்சியாக இருக்கலாம், அறுவையாகக்கூட இருக்கலாம். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்கு முழங்காலில் தோலை மட்டும் கீறித் தைத்து, உள்ளே எதுவும் செய்யாமல் அனுப்பினார்கள். உண்மையிலேயே மூட்டுக்குள் கழுவியவர்களும் சுரண்டியவர்களும் இரண்டு ஆண்டுகளில் இவர்களைவிட ஒன்றும் மேலாகத் தேறிவிடவில்லை. இதை 'வெற்று மாத்திரை' என்று எப்படி எழுதுவது?

நான் கைகாட்டுவது மருந்துப்போலி. இது நான் ஆக்கியதல்ல, தமிழில் ஏற்கெனவே புழங்குவதுதான். அதே இரண்டு சொற்களைத்தானே இடம் மாற்றிப் போட்டிருக்கிறோம், இதில் என்ன பெரிய வேறுபாடு என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். இடம் மாற்றினாலும் பொருள் மாறாத சொற்கள் தமிழில் உண்டு. இல்லின் முன் இருப்பது முன்றில்; வாய்க்கால் கால்வாயும் ஆகும். போலி மருந்தும் மருந்துப்போலியும் அப்படியல்ல. போலி மருந்தில் போலி அடைமொழி. பொய்யான, ஏமாற்றுகிற என்று பொருள் தருகிறது, போலி டாக்டர், போலி சாமியார் வரிசையில். மருந்துப்போலியில் போலி தலைச்சொல். மருந்தைப் போன்றிருப்பது, அவ்வளவே. வேர் 'போல்'. ஏமாற்று என்ற வாடை பின்னால் ஏறியது.

அந்தப் பழைய, வாடையில்லாத பொருளைத் தமிழ் இலக்கணம் பத்திரமாக வைத்திருக்கிறது. ஒரு சொல்லில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்து வந்து நின்று, பொருள் மட்டும் மாறாமல் இருந்தால் அதற்குப் போலி என்று பெயர். மயல் என்பது மையல் ஆவது முதற்போலி. அமச்சு அமைச்சு ஆவது இடைப்போலி. அகம் அகன் ஆவதும், பந்தல் பந்தர் ஆவதும் கடைப்போலி. ஐந்தை அஞ்சு என்கிறோமே, அது முற்றுப்போலி. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கிறது. ஆய்வில் பிளாசிபோ செய்வதும் மருந்தின் இடத்தில் நிற்பதுதான். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவில் வரும் 'ப்' என்ற ஒற்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: 'மருந்து போலி' என்று எழுதினால் 'இந்த மருந்து போலியானது' என்ற முழு வாக்கியம் ஆகிவிடும், மாமா மறுபடி கிளம்பிவிடுவார்.

இலக்கணப் போலியில் பொருள் மாறாது; மருந்துப்போலியிலும் அப்படியா? பாதி ஆம், பாதி இல்லை. 2011இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வு இதைக் கச்சிதமாகக் காட்டியது. உண்மையான உறிஞ்சு மருந்து எடுத்தபோது, ஒரு வினாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 20 சதவீதம் கூடியது. மருந்துப்போலியில் 7 சதவீதம்; ஒன்றுமே தராமல் உட்கார வைத்தபோதும் அதே 7. நுரையீரலை யாரும் ஏய்க்க முடியவில்லை. ஆனால் 'எவ்வளவு தேறியிருக்கிறீர்கள்?' என்று கேட்டபோது மருந்துக்கு 50 சதவீதம், மருந்துப்போலிக்கு 45, சும்மா இருந்ததற்கு 21 என்று மதிப்பிட்டார்கள். உணர்வில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, காற்றில் இல்லை.

அந்த உணர்வு வெறும் பிரமையும் அல்ல. 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்துப்போலியால் குறைந்த வலி, நாலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் திரும்ப ஏறியது. நாலாக்சோன் ஓபியம் வகைப் பொருட்களின் வேலையைத் தடுப்பது. அப்படியென்றால் வலி குறைந்தது உடல் தானே சுரந்துகொண்ட எண்டார்பின்களால் என்றாகிறது.

மாணவர் தாள்களில் இன்னொரு பிழை கண்ணில் பட்டது. பார்க்கச் சின்னது. 'மருந்துப்போலியால் 35 சதவீதம் பேர் குணமடைந்தனர்.' இந்த 35, அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1955இல் 15 ஆய்வுகளைக் கூட்டிச் சொன்ன கணக்கு. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் மேற்கோள் ஆனது. சிக்கல் அந்த 'ஆல்' உருபில் இருக்கிறது. மருந்துப்போலி எடுத்தவர்களில் இத்தனை பேர் தேறினார்கள் என்பது ஒன்று; மருந்துப்போலியால் தேறினார்கள் என்பது வேறு. சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று நாமே சிரிப்போமே. தானாகத் தேறியவர்களையும் பீச்சரின் கணக்கு மருந்துப்போலியின் வரவில் எழுதிக்கொண்டது. மருந்துப்போலியை ஒன்றுமே தராத குழுவோடு ஒப்பிட்ட ஆய்வுகளை டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் திரட்டி 2001இல் வெளியிட்டார்கள். வலி போன்ற, நோயாளி தானே சொல்லித் தெரியவேண்டிய சிலவற்றைத் தவிர மற்றதில் பெரிய பலன் தென்படவில்லை. மூன்றாம் வேற்றுமையை அளந்துதான் போட வேண்டும்.

பலன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வள்ளுவரிடம் ஒரு சொற்பயன்பாடு இருக்கிறது. "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து" (950). நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருந்து. ஒரே குறளில் மருந்து இரண்டு முறை வருகிறது, இரண்டு பொருளில். முதலாவது பொட்டலத்தில் இருப்பது. கடைசியில் வருவது மொத்தச் சிகிச்சையும். மருந்துப்போலி, முதல் மருந்தை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் விட்டுவைக்கிறது. நம் ஆட்கள் 'கைராசிக்கார டாக்டர்' என்று சொல்வதும், ஊசி போடாமல் அனுப்பினால் முகம் வாடுவதும் அந்த மீதி மூன்றைச் சேர்ந்த சங்கதிகள். 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கேப்சுக்கின் குழு, குடல் உபாதையுள்ள 80 பேரில் பாதிப்பேரிடம் 'இதில் மருந்தே இல்லை' என்று சொல்லியே மாத்திரை கொடுத்தது. மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் என்றார்கள். மாத்திரை இல்லாத தரப்பில் 35. ஏமாற்று இல்லாமலும் இது நடக்கிறது என்றால், 'போலி மருந்து' என்று எழுதுவதற்கு இருந்த கடைசிச் சாக்கும் போயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு: கெடுதல் வரும் என்று எதிர்பார்ப்பதாலேயே உபாதை வருவது. அதற்கு 1961இல் வால்டர் கென்னடி வைத்த பெயர் நோசிபோ. லத்தீனில் 'தீங்கு செய்வேன்'. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இதற்கும் பொருந்தும். லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திய 60 பேருக்கு ஒரு வருடத்துக்கான 12 புட்டிகள் தரப்பட்டன: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்துப்போலி, நான்கு காலி. தினமும் உபாதைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8; மருந்துப்போலியில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. உபாதை நிஜம், ஆனால் பெரும்பகுதி மாத்திரைக்குள்ளிருந்து வந்ததல்ல. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாதிப்பேர் மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள்.

நோசிபோவுக்கு நான் 'நஞ்சுப்போலி' என்று எழுதிப் பார்க்கிறேன். மாணவி ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை; நஞ்சு என்றாலே பூச்சிமருந்து நினைவுக்கு வருகிறது, 'தீங்குப்போலி' போதுமே என்கிறார். ஆனால் தீங்கு அங்கே போலி இல்லையே, தலைவலி தலைவலிதான். இதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னிடமும் நஞ்சுப்போலியைவிட நல்ல சொல் வேறில்லை.