இரண்டாம் எழுத்து ‘ட’, கடைசி எழுத்து ‘ல்’

குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். மூன்று கட்டம். நடுவில் ‘ட’, கடைசியில் ‘ல்’ விழுந்துவிட்டது. முதல் கட்டம் காலி. கடல், உடல், மடல் என்று மனம் அடுக்கிக்கொண்டே போகும், வேண்டிய சொல் மட்டும் வராது. அகராதியை எடுத்தாலும் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. எல்லாமே முதல் எழுத்தை வைத்து அடுக்கியவை. நமக்குத் தெரியாததோ அந்த முதல் எழுத்துதான்.

இந்தத் தேவை பழையது. எதுகை தேடிய புலவர்களுக்கும் இரண்டாம் எழுத்துதான் முக்கியம். 16-ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி, சொற்களை ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின்படியே அடுக்கித் தருகிறது. எத்தனை அருமையான யோசனை! ஆனால் ஏட்டிலோ தாளிலோ ஒரு நூலை ஒரு வரிசையில்தான் அடுக்க முடியும். கணினியில் வரிசையே வேண்டாம். சொல்லின் அச்சை, அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற வடிவத்தை, மட்டும் கொடுத்தால் போதும்.

அந்த அச்சை எழுத ஒரு சின்ன மொழி இருக்கிறது. முற்றுப்புள்ளி போட்டால் ‘ஏதோ ஓர் எழுத்து’. அதன் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் ‘அப்படி எத்தனை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி’. ^ என்பது சொல்லின் தொடக்கம், $ என்பது முடிவு. நம் குறுக்கெழுத்துக் கேள்வி இப்படி ஆகும்: ^.டல்$

இதன் கணித வேர் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1956-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. நரம்பு வலைகளால் எதையெல்லாம் அடையாளம் காண முடியும் என்று ஆராயப் போனவர் அவர். அந்த நட்சத்திரத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். கணினி அறிஞர் கென் தாம்சன் 1968-இல் அதை உரை தேடும் முறையாக மாற்றினார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் அவர் எழுதிய கிரெப் என்ற நிரலை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? ‘க’வில் தொடங்கி ‘ல்’லில் முடியும் சொல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ‘கல்லால்’ என்ற மரப்பெயர் வருகிறது. முதல் எழுத்து ‘க’, சரி. அடுத்தது ‘ல்’. இங்கே ஒரு சந்தேகம். இதுதான் அந்தக் கடைசி ‘ல்’லா, அல்லது நடுவில் வரும் ‘ஏதோ ஓர் எழுத்தா’? பல நிரல்கள் ஒரு வழியைப் பிடித்துப் போய்ப் பார்த்து, அது முட்டினால் திரும்பி வந்து மற்றதைப் பிடிக்கும். தாம்சனின் முறை வேறு. இரண்டு சாத்தியங்களிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, சொல்லை ஒரே முறை மட்டும் படித்துச் செல்லும். அடுத்து ‘லா’ வந்ததும் ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்த விரல் விழுந்துவிடும். மற்ற விரல் நடந்து, கடைசி ‘ல்’லில் சரியாகப் போய் நிற்கும். திரும்பி வரவே வேண்டாம் என்பதால் அச்சு எவ்வளவு சிக்கலானாலும் வேகம் பெரிதாகக் குறையாது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

சரி, இப்போது ^.டல்$ என்பதை ஒரு தமிழ்ச் சொற்பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். கடல், உடல், மடல், ஆடல், ஊடல் வரும். பாடல் வராது. தேடல், கூடல், குடல், திடல் எதுவுமே வராது. நான் முதலில் பட்டியலில்தான் குறை என்று நினைத்து, அதைத் திறந்து கண்ணால் தேடினேன். எல்லாச் சொற்களும் அங்கேயே இருந்தன!

காரணம், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘பா’ ஒரு குறியீடு அல்ல. ‘ப’ ஒன்று, அதன் பின்னால் வரும் துணைக்கால் இன்னொன்று. ‘ல்’லும் அப்படித்தான், ‘ல’வும் மேற்புள்ளியும். நமக்குக் கடல், தமிழ், காற்று மூன்றுமே மூன்றெழுத்துச் சொற்கள். கணினிக்கு அவை 4, 5, 6. முற்றுப்புள்ளி பிடிப்பது ஒரு குறியீட்டைத்தான், ஓர் எழுத்தை அல்ல. ^ குறியை எடுத்துவிட்டால் பாடல் வரும், ஆனால் துணைக்காலை மட்டும் பிடித்துக்கொண்டு வரும். கூடவே தண்டலும் சுண்டலும் வந்து சேரும்.

ஆகவே ‘எழுத்து’ என்றால் என்ன என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்: ஓர் உயிரோ அகரமேறிய மெய்யோ ஆய்தமோ, அதன் பின் ஒரு துணைக்குறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் இந்த விதியை வைத்தால் பாடலும் தேடலும் வந்துவிடும். பெர்ல் போன்ற சில நிரல்மொழிகளில் இப்படி ஒட்டி நிற்பவற்றை ஒன்றாக எண்ணத் தனிக் குறியே உண்டு. பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால், பட்டியலை முதலிலேயே அப்படிப் பிரித்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. அப்புறம் எதுகை தேடுவதும் எளிது.

இதற்குப் பிறகும் இரண்டு பொறிகள் உண்டு. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடும் நிரலுக்கு வேறு வேறு. இதை ஒரே வடிவுக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே வழி இருக்கிறது. மற்றது தட்டச்சுப் பழக்கம். பலர் ‘ஔ’ எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். அதற்கு யூனிகோடில் மருந்து இல்லை. ஔவையாரைத் தேடுகிறவர் இரண்டு விதமாகவும் தேடித்தான் ஆக வேண்டும்.