ரிவர்ஸ் போட்டும் விளக்கு எரியாவிட்டால்

பழைய காரில் ரிவர்ஸ் கியர் விழுகிறது, பின்னால் வெள்ளை விளக்கு எரியவில்லை. பல்பை மாற்றியாயிற்று, ஃபியூஸும் நன்றாகத்தான் இருக்கிறது. கியர் கம்பியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஒரு நொடி மினுக்கிவிட்டு அணைகிறது. அந்த மினுக்கல் காட்டிக்கொடுப்பது, பெரும்பாலும், கியர்பாக்ஸில் திருகியிருக்கும் ரிவர்ஸ் சுவிட்சைத்தான்.

பார்வைக்கு அது ஒரு தடித்த போல்ட். தலைப்பக்கம் இரண்டு வயர். மறுபக்கம் கியர்பாக்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குமிழ். ரிவர்ஸ் போடும்போது உள்ளே கியரை நகர்த்தும் தண்டு இடம் மாறும். அதுவரை தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருந்த குமிழ் மேடேறி, சுவிட்சுக்குள் அமுங்கும். அமுங்குவது சில மில்லிமீட்டர்தான். அதற்குள் உலோகத் தகடு இரண்டு முனைகளையும் தொட்டுவிட வேண்டும்.

இத்தனை எளிய பொருள் ஏன் கெட்டுப்போகிறது? 21 வாட் பல்புகள் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் பாயும். ஆனால் குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான இழையினுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எனவே தொட்ட கணத்தில் பல மடங்கு மின்சாரம் சீறிப் பாயும். ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் ஒரு நுண்ணிய பொறி. பல வருடங்களில் முனை கருகிக் குழிவிழுகிறது, களிம்பு ஏறுகிறது, ஆயிலும் உள்ளே கசிகிறது. அப்போதும் இணைப்பு முழுதாக அறுந்துவிடாது. அங்கே அரை ஓம் தடை சேர்ந்தாலே சுமார் ஒன்றரை வோல்ட் போய்விடும். இழையின் வெளிச்சம் வோல்ட்டை விட வேகமாகச் சரியும் என்பதால், பல்பு ஏறக்குறைய 60 சதவீதம்தான் எரியும். தொலைந்த மின்சாரம் சுவிட்சுக்குள்ளேயே 5 வாட் சூடாக மாறி, பிளாஸ்டிக் தலையை இளக்குகிறது.

சோதிப்பது சுலபம். என்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். சுவிட்சிலிருந்து இரண்டு வயர்களையும் கழற்றி, ஒரு துண்டு வயரால் இணையுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் பழுது சுவிட்சிலோ அதை அமுக்கும் பாகத்திலோதான். எரியாவிட்டால் வயரையும் எர்த்தையும் பாருங்கள். புது சுவிட்ச் வாங்கிப் பயனில்லை. ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் ஓடும். அதற்காக காருக்கு அடியில் இன்னொரு முறை படுக்க எனக்கு மனமில்லை, மாற்றிவிடுவதே மேல்.

கழற்றும்போது காரை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டும் சக்கரக் கட்டையும் வேண்டும். கியர்பாக்ஸ் ஆறியிருக்கட்டும். சுவிட்ச் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஆயில் கொட்டும், தட்டு வையுங்கள்.

இப்போது பழைய வாஷரைப் பாருங்கள். அது ஆயில் ஒழுகாமல் தடுப்பதற்கு மட்டும் என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்களே அதிகம். சுவிட்ச் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் அதன் தடிமன்தான் தீர்மானிக்கிறது. மெல்லிய வாஷர் போட்டால் குமிழ் அதிகம் உள்ளே போய், நியூட்ரலிலேயே விளக்கு எரியும், அல்லது தண்டு இடித்து உடையும். தடித்தது போட்டால் தண்டு குமிழை எட்டாது. அதே தடிமனில் புதியது போடுங்கள். கியர்பாக்ஸ் உறை அலுமினியமாக இருந்தால் சுவிட்சை முதலில் கையாலேயே திருகுங்கள். ஸ்பானரில் பலத்தைக் காட்டினால் மரை அழிந்துவிடும், அப்புறம் வேலை பெரிதாகிவிடும்.

இரண்டு வயரில் எது எங்கே என்ற கவலை இல்லை, எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் யூனிட்) உள்ள சில பழைய பிரிட்டிஷ் கார்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் கியர்பாக்ஸில் இதே தோற்றத்தில் இன்னொரு சுவிட்ச் இருக்கும், ஓவர்டிரைவை மேல் கியர்களில் மட்டும் அனுமதிக்க. வயர்கள் இடம் மாறினால் மேல் கியரில் ரிவர்ஸ் விளக்கு எரியும். அது வேடிக்கை. ரிவர்ஸில் ஓவர்டிரைவ் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அந்த யூனிட்டே நாசமாகிவிடும்.

மாட்டி முடித்ததும் எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ரிவர்ஸில் மட்டும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று ஓட்டி வந்து, சுவிட்சுக்கு நேர் கீழே ஒரு காகிதம் விரித்துவிட்டுப் படுக்கப் போகலாம். காலையில் அதில் ஆயில் சொட்டு இல்லையென்றால் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.