தண்ணீர் அறிக்கையைப் பார்த்து மட்டி வாங்காதீர்கள்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில் கால் மணலில் நிற்கும். சற்று உள்ளே நகர்ந்தால் முழங்கால் வரை புதையும். மேலே மாவு போல சாம்பல் நிறப் படிவு. அதை விலக்கினால் அழுகிய முட்டை வாடையுடன் கறுப்புச் சேறு. அந்த மேற்படிவு, அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்ததால் சேர்ந்தது. நான் மாதிரி எடுப்பது இந்தச் சேற்றில்தான்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தண்ணீர் அறிக்கையை நீட்டுவார்கள். ஈயம், காட்மியம் இரண்டுக்கும் நேராகக் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருக்கும். அறிக்கை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உலோகங்கள் நீரில் அதிக நேரம் தங்குவதில்லை. களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். கறுப்புச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாததால் சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். தூர்வாரிக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டு அந்தக் கட்டு அவிழும். தூர்வாரினாலே சுத்தமாகிவிடும் என்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மட்டியும், ஆழி என்னும் கடற்சிப்பியும் இடம்விட்டு ஓட முடியாதவை. நாள் முழுதும் நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் துகளை வடிகட்டித் தின்கின்றன. கடலோர மாசைக் கண்காணிக்க ஆழியையே பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975இல் முன்மொழிந்தது இதனால்தான்.

கரையில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கேட்டார்: “நன்றாக வேக வைத்தால் போய்விடாதா சார்?”

“கிருமி சாகும் அம்மா, உலோகம் போகாது.”

வெந்த சதை நீர் வற்றிச் சுருங்குவதால், கிலோவுக்கு இத்தனை என்ற அளவு கூடவும் செய்யலாம். ஓரிரவு நல்ல நீரில் போட்டுவைத்தால் வயிற்று மணல் வெளியேறும். திசுவில் ஏறிய காட்மியம் அத்தனை எளிதில் இறங்காது.

ஆய்வகத்தில் எஃகுக் கத்தியைத் தொட மாட்டோம். அதிலிருந்தே குரோமியமும் நிக்கலும் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் கத்தியால் சதையை எடுத்து, உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறோம். குழப்பம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். உலர் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் காட்மியம் என்று முடிவு வந்ததாக வைத்துக்கொள்வோம். மட்டிச் சதையில் ஏறக்குறைய 80 சதவீதம் நீர். அப்படியானால் ஈர எடையில் அது 1.2 மட்டுமே. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு 2, ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 1; இரண்டுமே ஈர எடைக்கானவை. உலர் எடை எண்ணைக் கோடெக்ஸ் வரம்போடு ஒப்பிட்டு ‘மூன்று மடங்கு நஞ்சு’ என்று தலைப்புப் போடுகிறவர்களும் உண்டு, ‘கோடெக்ஸுக்குக் கீழேதானே’ என்று கைகழுவுகிறவர்களும் உண்டு.

சாப்பிடும் கணக்கு வேறு. உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம்தான் தாங்கத்தக்க அளவு என்கிறது உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு. சிறுநீரகத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகலாம். மேலே சொன்ன மட்டியில் 200 கிராம் சாப்பிட்டால் 240 மைக்ரோகிராம் உள்ளே போகும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஐந்து தட்டில் மாதக் கணக்கு முடியும். 15 கிலோ குழந்தைக்கு ஒன்றரைத் தட்டிலேயே முடிந்துவிடும்.