நாலு ஒன்றாகிப்போன விசிட்டிங் கார்டு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நகைக்கடைக்கு விசிட்டிங் கார்டு செய்து கொடுத்தேன். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கடைப் பெயர், முகவரி, ஃபோன் நம்பர் எல்லாமே போடோனி போல்டு என்ற ஃபான்ட். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆயிரம் கார்டு அச்சாகி வந்ததும் கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து, "தம்பி, எங்க நம்பர்ல ஏது இத்தனை ஒண்ணு?" என்றார்.

போடோனியின் 4 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் கால் மட்டும்தான் தடிமன். சாய்ந்து இறங்கும் கோடும் குறுக்கே ஓடும் கோடும் மயிரிழை. கார்டில் நான் போட்டது போல எழுத்தை ஏழு பாயிண்ட் (எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அளவுக்குச் சுருக்கினால் அந்த இழை 0.25 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். ரிவர்ஸ் எழுத்து, அதாவது சுற்றிலும் மை அச்சாகி எழுத்து மட்டும் வெள்ளையாக விடப்படுவது, என்பதால் சுற்றியிருந்த மை பரவி இழையை மூடிவிட்டது. கால் மட்டும் மிஞ்சியதால் 4 எல்லாம் 1 போலத் தெரிந்தது. போதாக்குறைக்கு, நான் கொடுத்த பச்சை, நாலு கலர் மையை ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடித்து வருவது. ரிஜிஸ்டர், அதாவது அந்தக் கலர்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், துளி நகர்ந்தாலும் இழை காலி. பிரஸ்காரர் மேல் தப்பே இல்லை. மறு அச்சுச் செலவு என் தலையில்தான் விழுந்தது.

இத்தனைக்கும் இந்த எழுத்தின் அழகே அந்த இழையில்தான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பார்மாவில் ஜாம்பாட்டிஸ்டா போடோனி என்ற அச்சாளரும், பாரிஸில் அச்சுத் தொழில் செய்த தீதோ குடும்பத்தாரும் தடிமனையும் மெலிவையும் இப்படி எதிரெதிரே நிறுத்தினார்கள். வழுவழுப்பான காகிதம், நல்ல மை, தாராளமான வெற்றிடம் எல்லாம் போடோனிக்குக் கிடைத்தன. ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தை உலோகத்தில் தனித்தனியாக வெட்டிய காலம் அது. அவர் இறந்த பிறகு, 1818இல், அவருடைய எழுத்து மாதிரிகளை மனைவி இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நாமோ தலைப்புக்கென்று வரைந்த ஃபான்டையே சுருக்கி முகவரிக்கும் போட்டுவிடுகிறோம்.

பத்திரிகைத் தலைப்பு, அழைப்பிதழில் மணமக்கள் பெயர், வாசனைத் திரவியப் பெட்டி, கடை போர்டு: இங்கெல்லாம் இதற்கு ஈடு கிடையாது. இதே பாணியில் அமைந்த வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் ஃபேஷன் இதழ்களின் தலைப்பு எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பத்தி பத்தியாக இதில் ஓட்டினால், தடித்த கால்கள் வேலிக் கம்பி மாதிரி வரிசைகட்டி நின்று கண்ணைக் கூச வைக்கும். மருந்து அட்டையில் அளவு குறிக்கும் இடத்தில் இதைப் பார்த்தால் எனக்கு பகீரென்கிறது.

சின்ன அளவிலும் இதே ஜாடை வேண்டுமென்றால் போடோனி மோடா என்ற ஃபான்ட் இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். அளவுக்கேற்ப இழையைத் தடிமனாக்கும் வசதி அதில் உண்டு. அப்போதும் ரிவர்ஸ் என்றால் நான் யோசிப்பேன். ஃபைலை அனுப்பும் முன் அசல் அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, வேலையில் சம்பந்தமில்லாத யாரிடமாவது கொடுத்து நம்பரைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.

அந்த நகைக்கடைக்கு இப்போதும் கார்டு செய்வது நான்தான். பெயர் அதே போடோனி. நம்பரை மட்டும் கொம்பு குச்சி இல்லாத சாதாரண எழுத்துக்கு மாற்றிவிட்டேன்.