துருமதி என்கிற செந்தலை வல்லூறு

துருமதி: பெயர்ச்சொல். வட இந்தியாவில் வேட்டைப் பறவை பழக்கியவர்கள் ஒரு சின்னஞ்சிறு வல்லூற்றுக்கு வைத்த பெயர். தமிழில் செந்தலை வல்லூறு. ஆங்கிலத்தில் முன்பு ரெட்-ஹெடட் மெர்லின் என்றார்கள், இப்போது ரெட்-நெக்டு ஃபால்கன் என்கிறார்கள். அறிவியல் பெயர் ஃபால்கோ சிக்குவேரா.

நீளம் 30 முதல் 36 சென்டிமீட்டர். ஊர்க் காகத்தைவிடச் சிறியது. உச்சந்தலையும் பிடரியும் செங்கல் நிறம். முதுகும் இறக்கையும் நீலச் சாம்பல். வெண்மையான வயிற்றில் மெல்லிய கருங்கோடுகள் குறுக்காக ஓடும். சாம்பல் நிற வாலின் கடைசியில் அகலமான கறுப்புப் பட்டை, அதற்கும் கீழே வெள்ளை விளிம்பு. காலும் கண்ணைச் சுற்றிய வளையமும் மஞ்சள். பெண் ஆணைவிடப் பெரியது. அதனால் வேட்டைக்காரர்கள் பெண்ணை மட்டுமே துருமதி என்றார்கள். ஆணுக்குச் சட்வா என்று வேறு பெயர்.

துருமதி இந்தியச் சொல்லாக ஒலித்தாலும் அதன் ஊர் மத்திய ஆசியா. துருக்கிய மொழிகளில் துரும்தாய் என்றொரு சொல் உண்டு. கசாக் மொழியில் இன்றும் அது மெர்லின் என்கிற வடதேசத்துச் சிறு வல்லூற்றைக் குறிக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள் இந்தியச் சமவெளியில் ஏறக்குறைய அதே அளவில், அதே வேகத்தில் பறந்த ஒரு பறவையைக் கண்டு தங்கள் ஊர்ப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து வந்த ஆங்கிலேயர்களும் அச்சு மாறாமல் அதையே செய்தார்கள்: தங்கள் ஊர் மெர்லினை நினைத்து, தலை சிவந்த மெர்லின் என்றார்கள். இரண்டு படையெடுப்பாளர்களும் ஒரே பறவையை ஒரே வேறொரு பறவையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சுவையாகத்தான் இருக்கிறது. உண்மையான மெர்லின் குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு வந்துபோகும் விருந்தாளி. துருமதியோ ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிற பறவை.

சிக்குவேராவின் கதையும் இப்படித்தான். வேட்டைக்காரனைக் குறிக்கும் இந்திச் சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் திரிந்து, 1800இல் பறவையின் அறிவியல் பெயராகவே பதிவாகிவிட்டது. சிக்ரா என்ற பெயரும் அதே வேரில் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியது நம் தோப்புகளில் ஓணான் பிடித்துத் திரியும் வைரி. வைரி வல்லூறே அல்ல. இங்கேதான் தமிழ்ப் பெயர்ச் சிக்கலும் தொடங்குகிறது.

நம் செய்தித்தாள்கள் இந்த இனங்களைப் பருந்து, கழுகு, ராஜாளி என்று கைக்கு வந்தபடி எழுதுகின்றன. வல்லூறு என்ற சொல்லை வைரிக்குச் சூட்டிய பட்டியல்களும் உண்டு. ஆனால் வல்லூறுகள் தனிக் குடும்பம். இறக்கை நீண்டு கூர்மையாக இருக்கும். அரிவாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபால்கோ என்ற பெயரே வந்தது. வைரியின் இறக்கை குட்டையானது, நுனி வட்டமானது. வல்லூற்றின் கண் கரியது. வளர்ந்த வைரியின் கண் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். வைரி இரையை நகத்தால் இறுக்கிக் கொல்லும். வல்லூற்றின் மேலலகில் பல் போன்ற ஒரு முனை இருக்கிறது. பிடித்த பறவையின் கழுத்தெலும்பை அதனால் கடித்து முறித்துவிடும். 2008இல் வெளியான மரபணு ஒப்பீடு இதைவிடப் பெரிய வியப்பைத் தந்தது. வல்லூறுகளுக்கு நெருங்கிய உறவு கழுகுகளோ பருந்துகளோ அல்ல, கிளிகள்! எனவே இவற்றைப் 'பருந்து' என்று எழுதுவதைச் சிறு பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

வல்லூறு என்பதை வலிய ஊறு செய்வது என்று பிரிப்பார்கள். ஊறு என்றால் தீங்கு. புல்லூறு என்ற இணைச்சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பொருந்துகிறது: ஒன்றில் வன்மை, மற்றதில் சிறுமை. இவற்றோடு எழால் என்ற பழஞ்சொல்லும் நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகையின் 151ஆம் பாட்டில், துணையைப் பிரிந்திருக்கும் வங்காப் பறவையின் செங்கால் பேடைமீது எழால் பாய்கிறது. ஆணைக் காணாத பேடை குழல் போன்ற குரலில் விட்டுவிட்டுக் கூவுகிறது. எழால் என்பதற்குப் புல்லூறு என்று உரை சொல்வார்கள். இன்று சிற்றெழால் என்ற வடிவில் அந்தச் சொல் கெஸ்ட்ரல் என்ற வேறொரு சிறு வல்லூற்றுக்குப் பயன்படுகிறது. வைரியை வைரி என்றும், ஃபால்கோ இனங்களைப் பொதுவாக வல்லூறு என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சரி, செந்தலையா, செங்கழுத்தா? ஆங்கிலத்தில் பெயர் மாறியதால் தமிழிலும் மாற்ற வேண்டும் என்று சிலர் கருதலாம். ஆப்பிரிக்காவிலும் இதே சாயலில் ஒரு வல்லூறு இருக்கிறது. அதன் மார்பின் மேற்பகுதியில் செம்பழுப்புப் பட்டை உண்டு. கழுத்தைச் சொல்லும் பெயர் அதற்குத்தான் பொருத்தம். இப்போது அதைத் தனி இனமாகவே பலர் பிரிக்கிறார்கள். இந்தியப் பறவைக்கு அந்தப் பட்டை இல்லை, நம் கண்ணில் முதலில் படுவது தலைதான். செந்தலையே இருக்கட்டும்.

அடர்காட்டில் இதைத் தேடிப் பயனில்லை. திறந்த வயல்வெளி, புதர்க்காடு, இடையிடையே மா, புளி, அரசு போன்ற பெருமரங்கள் நிற்கும் நிலம்தான் இதற்கு வேண்டும். பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இந்தியா எனத் துணைக்கண்டத்தில் பரவியிருந்தாலும் எங்கும் எண்ணிக்கை குறைவு; தமிழ்நாட்டில் கண்ணில் படுவது அரிது. வானம்பாடி, சிட்டு, நெட்டைக்காலி போன்றவை முக்கிய இரை. அந்தி மயங்கும் நேரத்தில் வௌவாலும் பிடிக்கும். பெரும்பாலும் இணையாகவே வேட்டைக்குப் போகும்: ஒன்று தாழப் பறந்து சிறு பறவைகளைக் கிளப்பிவிட, மற்றது பாயும்.

19ஆம் நூற்றாண்டில் மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், பழக்கிய துருமதியைப் பனங்காடைமேல் ஏவும் வேட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார். பனங்காடை கத்திக்கொண்டே குட்டிக்கரணம் அடித்தும் செங்குத்தாக விழுந்தும் தப்பப் பார்க்குமாம். பனங்காடை பறந்து கரணம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துரத்தல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்ற வல்லூறுகளைப் போல இதற்கும் கூடு கட்டத் தெரியாது. காகம் விட்டுப்போன பழைய கூட்டில், ஜனவரி முதல் மே வரையான காலத்தில், 3 முதல் 5 முட்டைகள் இடும். அடைகாப்பது பெரும்பாலும் பெண். இரை கொண்டுவருவது ஆண். கூட்டை நெருங்கும் காகத்தையும் கரும்பருந்தையும் அளவு பாராமல் துரத்தியடிக்கும். வீட்டைக் கொடுத்த காகத்துக்கே இந்த மரியாதை.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. வயலோரப் பெருமரங்கள் வெட்டப்படுவதும், தரிசும் புதரும் தீவிர வேளாண்மைக்குள் போவதும், பூச்சிக்கொல்லியும் முக்கியக் காரணங்கள்.

எழுதுகிறவர்களுக்கு ஓர் இலக்கணக் குறிப்பு. வயிறு வயிற்றை ஆவது போல, வல்லூறு வேற்றுமை ஏற்கும்போது றகரம் இரட்டிக்கும்: வல்லூற்றை, வல்லூற்றுக்கு, வல்லூற்றின். வல்லூறுவை, வல்லூறுவின் என்று எழுதுவது பிழை. பன்மைக்கு வல்லூறுகள் என்றால் போதும்.